பல் டாக்டர் வீட்டு முடிப்பாசி

பல் டாக்டர் மீன்தொட்டிக்காரருக்குத் தர வேண்டிய பாக்கி பதினோராயிரத்து நானூற்று ஐம்பது. நாலு மாதக் கூலி ஏழாயிரத்து இருநூறு, இரண்டு வாளி உப்பு மூவாயிரம், முப்பது நத்தை எழுநூற்று ஐம்பது, பம்புக்குப் போட்ட வால்வு ஐந்நூறு. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் தொட்டிக்காரர் தப்பில்லாமல் சொல்லுவார். சொல்லிச் சொல்லி வாய்தான் வலித்தது, காசு வரவில்லை.

"பாசி போகட்டும், பைசா பாக்கியில்லாம எண்ணி வைக்கிறேன்" என்பார் டாக்டர். பாசி போவதாக இல்லை.

தொட்டி கூடத்தில் சோபாவுக்கு எதிரே இருந்தது. நாலடி நீளம். உள்ளே உப்புத் தண்ணீர், பாறை, பாறை மேல் பவளம், இரண்டு கோமாளி மீன், கோபக்கார மஞ்சள் மீன் ஒன்று. மூன்று வருஷத்துக்கு முன் வெறும் கண்ணாடியாக இருந்ததைக் கடலாக்கியது தொட்டிக்காரர்தான். அப்போதெல்லாம் வீட்டுக்கு யார் வந்தாலும் டாக்டர் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்துவார். "இது எங்க அண்ணன் வச்ச கடல்" என்பார். தண்ணீர் சொட்டும் கையோடு தொட்டிக்காரர் கூச்சத்தில் நெளிவார்.

நாலு மாதத்துக்கு முன் பாறையின் ஒரு மூலையில் பச்சையாய் நாலு இழை முளைத்தது. அடுத்த வாரம் அது கிழவன் காதில் முளைக்கிற முடி மாதிரி ஆனது. அதற்கடுத்த வாரம் தலைமுடியே ஆகிவிட்டது. முடிப்பாசி என்றுதான் அதற்குப் பெயர். பவளம் விரிய இடமில்லாமல் மூடிக்கொண்டது. ஒவ்வொரு ஞாயிறும் தொட்டிக்காரர் தோள் வரை கையை விட்டுப் பாசியைப் பிடுங்கினார். பிடுங்கியது போக மிச்சத்தைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தார். பிரஷுக்கு மட்டும் அந்த வீட்டில் பஞ்சமே கிடையாது. பாசி தின்னும் நத்தை விட்டார், விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தார், மீனுக்குத் தீனியைப் பாதியாக்கினார். அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் சலூனுக்குப் போகாத தலை போலப் பாறை நிற்கும்.

முடி நீள நீள, அண்ணன் என்ற சொல் தேய்ந்து போனது. "வாங்கண்ணே" என்பது "வாங்க" ஆனது. பிறகு "இந்தாப்பா" ஆனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வாளியும் குழாயுமாக உள்ளே நுழைந்தவர் சுவரைப் பார்த்து நின்றார். தொட்டிக்கு நேர் மேலே உள்ளங்கை அகலத்தில் புதிதாக ஒரு கேமரா.

"என்ன டாக்டர், மீனைப் படம் பிடிக்கவா?"

"மீனையும் பிடிக்கும்" என்றார் டாக்டர், செய்தித்தாளை மடிக்காமலே.

சமையலறை வாசலில் நின்றிருந்த டாக்டரின் மனைவி, "அவரு ஏதோ ஆசைப்பட்டு மாட்டியிருக்காரு. நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க" என்றாள். அவள் சொன்ன விதத்திலேயே ஆசைப்பட்டு மாட்டியது இல்லை என்பது தெரிந்துவிட்டது.

தொட்டிக்காரர் ஸ்டூல் மேல் ஏறினார். கேமராவில் சிவப்பாய் ஒரு புள்ளி அவரையே பார்த்தது. முப்பது வருஷம் செய்த வேலை, திடீரென்று கை யாருடையதோ மாதிரி இருந்தது. கழுத்தில் அரித்தது. சொறியப் பயம். கை சட்டைப் பைப் பக்கம் போனால் எதையோ எடுத்துத் தொட்டியில் போட்டதாகத் தெரியுமோ? அரிப்பைப் பொறுத்துக்கொண்டார்.

தொட்டிக்குக் கீழே அலமாரியைத் திறந்தார். தண்ணீரிலிருந்து அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் கிண்ணம் பொங்கி வழிந்து, தரையெல்லாம் ஈரமாகக் கிடந்தது. இது மூன்றாவது தடவை. சோப்புப் பட்டால்தான் இப்படிப் பொங்கும்.

"யாராச்சும் சோப்புக் கையோட தண்ணியைத் தொட்டீங்களா?"

"எங்க வீட்டுல யாரும் அதுக்குள்ள கை விடுறதில்ல" என்றார் டாக்டர். "உள்ள போறது உங்க ஒருத்தர் கைதான்."

"நான் வெறும் தண்ணியிலதான் கழுவிட்டு வர்றேன்."

"வாளி? வக்கீல் வீட்டுக்கும் இதே வாளிதானே போகுது? அங்கிருந்து பாசி இதுல ஒட்டிக்கிட்டு வரக்கூடாதா?"

"அவரு தொட்டியில பாசியே இல்லையே."

"அதான் எனக்கும் புரியல" என்று டாக்டர் செய்தித்தாளை இறக்கினார். "அஞ்சு வீடு பார்க்குறீங்க. நாலு வீட்டுல பாசி இல்ல. இங்க மட்டும் போகவே மாட்டேங்குது. பாசி இருந்தாத்தான் உங்களுக்கு வேலை. சொத்தைப் பல் இருந்தாத்தான் எனக்கு வேலைங்கிற மாதிரி."

"நீங்க சொத்தையைக் கொண்டுபோய் வாயில வைக்கிறீங்களா டாக்டர்?"

சோபாவின் ஓரத்தில் படுத்து போனைத் தடவிக்கொண்டிருந்த தம்பி பக்கென்று சிரித்தான். டாக்டர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினான்.

தம்பி என்றால் டாக்டரின் மச்சினன். வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதால் நாலரை மாதமாக அக்கா வீட்டில் இருக்கிறான்.

அன்று பாசியைப் பிடுங்கும்போது தொட்டிக்காரர் மனசுக்குள் அந்தக் கணக்கு ஓடியது. இவன் வந்து நாலரை மாதம். பாசி வந்து நாலு மாதம்.

பாசிக்குத் தேவை இரண்டுதான்: வெளிச்சமும் உரமும். தண்ணீரில் கலந்திருக்கும் பாஸ்பேட்தான் உரம். அதைக் காட்டிக்கொடுக்கும் சோதனை மருந்து ஒன்று உண்டு. குட்டிக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரை எடுத்துச் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு ஐந்து நிமிஷம் வைத்தால், நல்ல தண்ணீர் நிறம் மாறாது. பாஸ்பேட் இருந்தால் நீலமாகும். அதிகம் இருந்தால் மை மாதிரி ஆகும். இத்தனை நாளும் தொட்டித் தண்ணீரை மட்டும் சோதித்து வந்தார். லேசாக நீலம் காட்டும், அவ்வளவுதான். மிச்சத்தைப் பாசி தின்றுவிடுகிறது என்று நினைத்துக்கொள்வார்.

கேமரா அவருக்குள் ஏதோ ஒன்றைக் கிளறிவிட்டது. வெளியிலிருந்து எதெது உள்ளே போகிறதோ அத்தனையையும் சோதிப்பது என்று முடிவு செய்தார். உப்பில் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டார். சமையலறை சிங்க்குக்கு அடியில் அவரே பொருத்திய மூன்று குழல் வடிகட்டியின் குழாயில் ஒரு குப்பி பிடித்தார். பின்பக்க பால்கனியில் நீல டிரம் இருந்தது. வாராவாரம் மாற்றும் தண்ணீரும், தினமும் ஆவியாகிப் போவதற்கு ஈடாக ஊற்றும் தண்ணீரும் அதிலிருந்துதான். முதல் நாளே வடிகட்டித் தண்ணீரை அதில் ரொப்பி வைப்பது வீட்டு ஆட்களின் பொறுப்பு, உப்பைக் கலப்பது மட்டும் இவர் வேலை. உப்பைப் போடுமுன் அதிலிருந்தும் ஒரு குப்பி எடுத்தார். குப்பிகளைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைக்கும்போது, கேமராவில் இது எப்படித் தெரியும் என்று நினைத்து அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டார்.

தன் வீட்டுக்கு வந்ததும் அடுப்பு மேடை மேல் வரிசையாகக் குப்பிகளை வைத்தார்.

"என் அடுப்படியில மருந்துக்கடை வைக்காதீங்க" என்றாள் மனைவி.

"அஞ்சு நிமிஷம்."

"நாலு மாசமா ஒருத்தன் கூலி தர மாட்டானாம், நீங்க வாராவாரம் போய்க் கை நனைச்சுட்டு வருவீங்களாம். இதை நான் நம்பணும்? உங்க தங்கச்சி வீட்டுல புதுக் கட்டில் வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன்."

"கட்டிலுக்கும் எனக்கும் என்னடி சம்பந்தம்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

ஐந்து நிமிஷம் ஆனது. மருந்துக்கடையில் வாங்கிய சுத்தத் தண்ணீரில் கரைத்த உப்பு நிறம் மாறவில்லை. வடிகட்டிக் குழாய்த் தண்ணீரும் மாறவில்லை. டிரம் தண்ணீர் பேனா மை போல் நின்றது.

தொட்டிக்காரர் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். குழாயிலிருந்து டிரம்முக்குப் பத்தடி தூரம். குழாயில் சுத்தமாக வரும் தண்ணீர் டிரம்முக்குள் போய்க் கெடுகிறது என்றால் நடுவில் ஒரு கை இருக்கிறது. டிரம்மை ரொப்புவது யார்? தம்பி.

ஒன்றைப் பிடித்ததும் மற்றதெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. தம்பி வாயில் எப்போதும் ஒரு சீழ்க்கை இருக்கும், இவர் பால்கனிப் பக்கம் போனால் அது நின்றுவிடும். ஒருநாள் சாமான் பழுதுக்காக மத்தியானம் போனபோது, கனமான ஒரு பையைப் போர்வையால் மூடி ஸ்கூட்டரிலிருந்து இறக்கினான். "என்ன தம்பி, கல்லா?" என்று கேட்டதற்கு, "துணிண்ணே" என்றான். துணி தளும்புமா? இன்னொரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணே, ஒரு வீட்டுக்கு மாசம் எவ்வளவு வாங்குவீங்க? மொத்தம் எத்தனை வீடு இருக்கு?" என்று கேட்டான். அதை அப்போது வெள்ளந்தியாக எடுத்துக்கொண்டது எவ்வளவு முட்டாள்தனம். வளர்ப்பு மீன்கடையில் அவனுக்கு வேலை பேசி முடித்தாயிற்று, ஒண்ணாம் தேதி சேருகிறான் என்று கடைக்காரரே சொல்லியிருந்தார். தொட்டிக்காரர் உப்பும் நத்தையும் வாங்குகிற அதே கடை. ஆக, பையன் தொழிலுக்குள் வருகிறான். முதலில் மாமா வீட்டுத் தொட்டியைக் கெடுத்து இவரை விரட்டுவது, பிறகு தானே சரிபண்ணிக் காட்டிப் பேர் வாங்குவது, அப்படியே ஐந்து வீட்டையும் அள்ளிக்கொள்வது.

டாக்டரிடம் போய்ச் சொல்லலாம்தான். ஆனால் வீட்டம்மாவின் கூடப்பிறந்த தம்பி. கையில் ஒரு நீலக் குப்பியை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக் கூடத்தில் நின்று அவனைக் குற்றம் சொன்னால், குப்பியோடு சேர்த்து இவரையும் தூக்கி வெளியே போடுவார்கள். பதினோராயிரத்து நானூற்று ஐம்பதும் போய்விடும், பேரும் போய்விடும். இந்தத் தொழிலுக்குப் பெயர்ப்பலகையா, கடையா? ஒரு வீட்டு வாய் இன்னொரு வீட்டுக்குச் சொல்லித்தான் வேலை. அந்த வாய் கெட்டால் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

திங்கட்கிழமை கடைக்குப் போனார். கண்ணாடித் தொட்டிகளுக்கு நடுவே வயிறு தெரிய உட்கார்ந்திருந்தார் கடைக்காரர்.

"ஒண்ணாம் தேதியிலிருந்து உங்களுக்குக் கவலையில்ல, கல்லாவுக்கு ஆள் வந்தாச்சு. இனிமே நீங்க நத்தை எண்ணுறப்ப நான் தூங்கலாம்" என்றார்.

தொட்டிக்காரர் நத்தைகளையே பார்த்தபடி, "எனக்கென்ன, சொல்லணும்னு தோணுச்சு. அந்தப் பையன் கை சுத்தமில்ல" என்றார்.

"ஏன், என்ன பண்ணினான்?"

"அதைச் சொல்ல மாட்டேன். ஒரு குடும்பத்து விஷயம். நீங்க கல்லாவைக் கொஞ்சம் கவனமாப் பார்த்துக்குங்க, அவ்வளவுதான்."

சொல்லாமல் விட்டது சொன்னதைவிடப் பெரிதாகக் கடைக்காரர் முகத்தில் போய் உட்கார்ந்தது. தொட்டிக்காரருக்கு அது தெரிந்தது. தெரிந்தும் திருத்தவில்லை. கடையை விட்டு வெளியே வரும்போது இரண்டு வாளியை இறக்கி வைத்த மாதிரி தோள் லேசாக இருந்தது.

புதன்கிழமை வக்கீல் வீட்டிலிருந்து போன். "இந்த மாசம் வேண்டாங்க. அப்புறம் சொல்றேன்."

"ஏன் சார், ஏதும் குறையா?"

"குறைன்னு இல்ல. டாக்டர் ஒரு பேச்சு சொன்னாரு. உங்க சாமானிலதான் ஏதோ வருதாமே, நீங்களே கூடக் கொண்டு வர்றீங்களோன்னு அவருக்கு ஒரு சந்தேகம். என் பவளம் விலை ஜாஸ்திங்க. நான் ரிஸ்க் எடுக்க முடியாது."

ஐந்து வீடு நாலாயிற்று. டாக்டருக்கும் வக்கீலுக்கும் சிநேகிதமான வீடு இன்னும் இரண்டு உண்டு. மனைவி, "யாரு போன்ல?" என்றாள். "ராங் நம்பர்" என்றார். அவள் அதையும் நம்பவில்லை.

அடுத்த ஞாயிறு தம்பியைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்ற எண்ணத்தோடுதான் போனார். சனிக்கிழமை ரொப்பிய டிரம், ஞாயிறு காலை சோதனை, எல்லோர் முன்னாலும். அதற்கு முன்னால் டாக்டர் ஒரு ஓட்டையும் கண்டுபிடிக்கக் கூடாதே என்று, வடிகட்டியையும் திறந்து காட்டிவிட நினைத்தார். "உன் வடிகட்டிதான் கெட்டுப்போச்சு" என்று கடைசியில் தன் தலையிலேயே கட்டிவிடுவார்கள்.

"அம்மா, வடிகட்டியைக் கழற்றிப் பார்க்கணும்."

டாக்டரின் மனைவி கைகளைக் கட்டிக்கொண்டு அவர் தலைக்கு மேலேயே நின்றாள். தொட்டிக்காரர் முட்டி மடங்காத காலை மடக்கி உட்கார்ந்து, பெரிய பிளாஸ்டிக் சாவியால் முதல் குழலைத் திருகினார். உள்ளே இருந்த பஞ்சுக் குழலை உருவினார்.

பால் போல வெள்ளையாக இருந்தது.

கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார். குழாய்த் தண்ணீரின் மண்ணும் துருவும் முதலில் அந்தப் பஞ்சில்தான் தங்கும். வாரத்துக்கு ஐம்பது அறுபது லிட்டர் வடிக்கிற வீட்டில் இரண்டே மாதத்தில் அது செங்கல் நிறமாகிவிடும். வக்கீல் வீட்டில் அப்படித்தான் ஆகும்.

"இதை யாராச்சும் புதுசா மாத்துனீங்களாம்மா?"

"நீங்கதானே மாத்துனீங்க. அஞ்சு மாசம் இருக்குமே. அதுக்குக்கூட எண்ணூறு வாங்குனீங்க."

"அஞ்சு மாசமா இதுல தண்ணியே ஓடலம்மா. இல்லாட்டி இது இப்படி இருக்காது." தொட்டிக்காரர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "டிரம்முக்கு எங்க இருந்து தண்ணி வருது?"

அவள் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. கூடத்துப் பக்கம் பார்த்து, "டேய், இங்க வா" என்றாள்.

தம்பி வந்தான். அவன் கண் வெள்ளைப் பஞ்சில் பட்டதும் முகம் தொங்கிப் போனது. "மாமாதான் சொல்ல வேண்டாம்னாரு" என்றான்.

"என்னடா சொல்ல வேண்டாம்னேன்?" என்று டாக்டரே பின்னால் வந்து நின்றார். மறைத்துப் பிரயோஜனமில்லை என்று அவருக்கும் புரிந்தது. குரலை உயர்த்தினார். "ஆமா, நான்தான் நிறுத்தச் சொன்னேன். உங்க வடிகட்டி ஒரு குடம் தண்ணி தர மூணு குடத்தைச் சாக்கடையில விடுது. வருஷத்துக்கு மூணு பஞ்சு மாத்தணும்பீங்க. அதுல உங்களுக்கு எவ்வளவு கமிஷன்னு எனக்கென்ன தெரியும்? கிளினிக்குல காய்ச்சி வடிச்ச தண்ணி மெஷினே இருக்கு. ஊசி, கத்தியெல்லாம் வேகவைக்கிற தண்ணி. அதைவிடச் சுத்தமா ஒரு தண்ணி உலகத்துல கிடையாது. தினம் ரெண்டு கேன் இவன் கொண்டு வர்றான். உங்ககிட்ட சொன்னா வேண்டாம்னுதான் சொல்வீங்க, பஞ்சு விக்காதுல்ல."

போர்வை மூடிய பை. தளும்பிய துணி.

"அந்தக் கேன்ல ஒண்ணு கொண்டா தம்பி" என்றார் தொட்டிக்காரர்.

ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன் ஒன்று வந்தது. மேலே ஒட்டியிருந்த தாளைக் கிழித்ததில் பசை மட்டும் மிச்சம். தொட்டிக்காரர் அதைக் கூடத்துக்குக் கொண்டுபோய், கேமராவுக்கு நேர் கீழே வைத்தார். குப்பியில் தண்ணீரை எடுத்தார், மருந்துச் சொட்டுகளை வாய்விட்டு எண்ணினார். நாலு பேரும் குப்பியைச் சுற்றி நின்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மூன்றாவது நிமிஷமே மை ஆகிவிட்டது.

"உங்க மருந்து, உங்க குப்பி" என்றார் டாக்டர்.

"அப்ப நீங்களே செய்ங்க."

டாக்டர் கை கழுவிவிட்டு வந்தார். நாக்கைத் துருத்திக்கொண்டு, பல்லுக்குள் மருந்து விடும் அதே கவனத்தோடு சொட்டு விட்டார். ஒரு குப்பியில் கேன் தண்ணீர், ஒரு குப்பியில் இவர் வடிகட்டித் தண்ணீர். வடிகட்டித் தண்ணீர் அப்படியே இருந்தது. கேன் தண்ணீர் டாக்டர் கையிலும் நீலமாயிற்று.

"மெஷின்ல இருந்து வர்ற தண்ணிதானே..." என்று முணுமுணுத்தார்.

தம்பி கேனை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினான். உள்ளே நுரை எழும்பியது. எழும்பியது அடங்கவில்லை. "மாமா, இந்தக் கேன் முன்னாடி எதுக்கு வந்தது?"

டாக்டர் மூடியை மோந்து பார்த்தார். எலுமிச்சை வாசனை. அவர் முகம் மாறியதை மூவரும் பார்த்தார்கள்.

"சாமான் கழுவுற லிக்விட்" என்றார் மெதுவாக. "ரத்தக்கறை போறதுக்கு. வாராவாரம் காலியாகுற கேனை வீணாக்க வேண்டாம்னு நான்தான்... ரெண்டு தரம் அலசித்தான் தண்ணி பிடிக்கச் சொல்லியிருந்தேன்."

"அதுல பாஸ்பேட் இருக்கும் டாக்டர். அடியில ஒரு ஸ்பூன் தங்குனாப் போதும். இந்தப் பாசிக்கு அது விருந்து. ஸ்கிம்மர் பொங்குனதும் இதனாலதான்."

டாக்டர் சோபாவில் உட்கார்ந்தார். நாலு மாதமாக ஒவ்வொரு நாளும் அவரே உரம் போட்டு வளர்த்த பாசி எதிரே ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து அறைக்குப் போய், பணப்பையோடு வந்தார். "விடுங்க. கணக்கைத் தீர்த்துடலாம். பதினோராயிரம்தானே?"

"பதினோராயிரத்து நானூத்தம்பது. அது இருக்கட்டும் டாக்டர். முதல்ல வக்கீலுக்கு ஒரு போன் போடுங்க."

"அவரைப் பார்க்கிறப்ப நானே சொல்லிக்கிறேன்."

"என்னைப் பத்தித் தப்பாச் சொன்னப்ப பார்க்கிற வரைக்கும் காத்திருந்தீங்களா?"

"ஏங்க, பேசித்தான் தொலைங்களேன்" என்றாள் மனைவி. "ஒரு போன்தானே."

"ஒரு போனா? அவன் ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். வேணும்னா அடுத்த மாசம் ஆயிரம் கூடவே தர்றேன்."

"எனக்குக் கூட வேண்டாம். போனைப் போடுங்க" என்றார் தொட்டிக்காரர். தன் குரல் தனக்கே புதிதாக, கம்பீரமாக இருப்பதாகப் பட்டது.

அப்போதுதான் தம்பி வாயைத் திறந்தான். "அப்ப எனக்கு யாருண்ணே போன் போடுவா?"

"உனக்கென்னடா?" என்றாள் அக்கா.

"நேத்து மீன்கடைக்காரர் கூப்பிட்டாரு. ஒண்ணாம் தேதி வர வேண்டாம்னுட்டாரு. ஏன்னு கேட்டா, உன் கையைப் பத்தி விசாரிச்சேன்ங்கிறாரு. அந்தக் கடைக்கும் போயிட்டு, நம்ம வீட்டுக்கும் வர்ற ஆளு எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான்."

எல்லோரும் தொட்டிக்காரரைப் பார்த்தார்கள். டாக்டர் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் வந்தது, வழியில் துணை கிடைத்தவன் முகத்தில் வருமே, அது மாதிரி.

கடைக்காரர் இவர் பேரைச் சொல்லவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் நிரூபிக்க முடியாது. இவர் பேர் இந்தக் கூடத்தில் இப்போதுதான் கழுவி எடுக்கப்பட்டிருந்தது. தொட்டிக்காரர் பையனைப் பார்த்தார். நாலரை மாதம் அக்கா வீட்டுச் சோறு. மாமா சொன்ன வேலை, தினம் இரண்டு கேன். ஏன் எதற்கு என்று கேட்க வக்கில்லாமல் தூக்கியிருக்கிறான். தனக்கு டாக்டர் செய்ததைத்தான் இவனுக்கு இவர் செய்திருந்தார்.

"நான்தான் சொன்னேன் தம்பி" என்றார். "டிரம்முல நீதான் எதையோ கலக்குறேன்னு நினைச்சேன்."

போனை எடுத்தார். ஈர விரலுக்குத் திரை நகரவில்லை. சட்டையில் துடைத்துத் துடைத்து அழுத்தினார், எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"என்ன, நத்தை தீர்ந்துருச்சா?" என்றது கடைக்காரர் குரல்.

"நத்தை இல்ல. அந்தப் பையன் விஷயம். நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"கை சுத்தமில்லைன்னீங்களே."

"சுத்தம். நான்தான் தெரியாமப் பேசிட்டேன். அவன் ஒண்ணும் பண்ணல."

"இப்ப சொல்றீங்களா? நான் வேற ஒரு ஆளுக்கு வரச் சொல்லிட்டேனே." கல்லா திறந்து மூடும் சத்தம் கேட்டது. "சரி, நாளைக்கு வரச் சொல்லுங்க. ரெண்டு பேரையும் உட்கார வச்சுப் பார்க்கிறேன். உங்களையும்தான் பார்க்கணும், நேர்ல."

"வர்றேன்" என்றார் தொட்டிக்காரர்.

போனை வைத்துவிட்டு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தன் மனைவியைப் பார்த்தார், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் போனோடு பால்கனிப் பக்கம் நகர்ந்தார்.

"இங்கயே பேசுங்க, கேமராவுல பதிவாகட்டும்" என்றாள் மனைவி.

டாக்டர் கூடத்தின் நடுவிலேயே நின்று பேசினார். "ஆமா... அவர் மேல தப்பில்ல... இல்ல, தண்ணி... என் கிளினிக் தண்ணிதான்யா. சோப்பு. ஆமா, சோப்பு. சிரிச்சுத் தொலை." போனுக்குள் வக்கீல் சிரிப்பது தொட்டி வரைக்கும் கேட்டது. "வழக்கம்போல வரச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டித்தார். காது மடல் சிவந்திருந்தது.

பிறகு பணத்தை எண்ணினார். பதினோராயிரத்து நானூறு வரை வந்து நின்றது. பையைத் திருப்பித் தட்டினார். "ஒரு அம்பது இருக்கா?" என்று மனைவியைக் கேட்டார். அவள் உள்ளே போகத் திரும்பினாள்.

"வேண்டாம்மா" என்றார் தொட்டிக்காரர். "அந்த அம்பதைத் தள்ளிருங்க. முப்பது நத்தையில ரெண்டு, வர்ற வழியிலயே பையில செத்துப்போச்சு. நான் சேர்த்துத்தான் எழுதியிருந்தேன்."

தம்பி வாயைப் பொத்திக்கொண்டான். டாக்டர் கண்ணைச் சுருக்கி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"ரெண்டுதானா?"

"ரெண்டுதான் டாக்டர்."

டாக்டர் நோட்டுகளை நீட்டினார். தொட்டிக்காரர் ஈரம் படாமல் இரண்டு விரலால் வாங்கி, ஒருமுறை எண்ணி, மடித்து உள்பையில் வைத்தார். கணக்கு நோட்டை எடுத்துத் தொட்டி விளிம்பில் வைத்து, டாக்டர் வீடு என்று எழுதியிருந்த பக்கத்தில் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஒரே கோடாக அடித்தார்.